வரிசையில் வைத்த மஞ்சள் பை

மலேசியாவில் இருக்கும் எங்கள் மகள் செல்வியைப் பார்க்கப் போவதென்று முடிவானதும் என் மனைவி வசந்தா வடகம், மோர்மிளகாய், எள்ளுருண்டை என்று மூட்டை கட்ட ஆரம்பித்தாள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தாள்.

அந்தத் தாளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். கழக ஆட்சி வந்த பிறகு, உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நன்செய், அப்பாவுக்குக் கிடைத்தது. அதை ஒப்படைத்த அரசாங்கத் தாள்தான் அது. அப்பாவின் கைரேகையும் வட்டமான முத்திரையும் அதில் இருக்கும்.

தாள் வந்த மறு வருடமே மிராசு வீட்டு ஏஜெண்டு வந்து, "குடு, ஆபீசுல காட்டிட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனார். திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. அதுவும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்த பிறகு. அப்பா அதற்காக அலைந்த அந்த இரண்டு வருடத்தில் வயலுக்கு ஆள் வேண்டியிருந்தது. என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அதனால் அந்தத் தாள் கண்ணில் படாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது அந்த மிராசு வீட்டுப் பேரன், நிலம் தங்களுடையது என்று மனுப் போட்டிருந்தான். நாங்கள் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தாலுக்கா ஆபீசில் விசாரணை. அசலைக் கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. ஆபீசிலிருந்த பழைய பதிவேடு கரையான் அரித்துப் போய்விட்டதாம். ஆக, உலகத்தில் அந்த நிலத்துக்கு அந்த ஒரு தாள்தான்.

அதை எங்கே வைத்துவிட்டுப் போவது? பீரோவை உடைத்துவிடலாம். தம்பி வீட்டுக் கூரை ஒழுகும். வக்கீலிடம் கொடுத்தால் அவருக்கே எங்கே வைத்தோம் என்று தெரியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டையின் உள்பையில் வைத்து, அதன் வாயை ஊசிநூலால் தைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். வசந்தாவுக்கு மட்டும் தெரியும். செல்விக்குத் தெரிந்தால் கத்துவாள்.

முதல் நாள் காலையில் மாப்பிள்ளை கதிரவன் எங்களை வீட்டுக்குக் கீழேயிருந்த ஒரு முஸ்லிம் கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. நம்மூர் வீச்சுப் பரோட்டாவுக்குப் பங்காளி முறை. ஆனால் சால்னா கிடையாது, பருப்புக்குழம்பு. தேநீரை ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றிக் கொடுத்தார்கள். கடைக்காரருக்குப் பூர்வீகம் திருவாரூர்ப் பக்கம். அவர் அங்கே போனதே இல்லையாம்.

"ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் மேட்டூர் தொறக்கலைங்க."

"எங்க வாப்பாவும் இதத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மதியம் சாப்பிட்ட சோறு நீளநீளமாக உதிரியாக இருந்தது. எங்கே விளைகிறது என்று கேட்டேன். வேறு நாட்டிலிருந்து வருகிறதாம். வாங்கித் தின்கிற ஊரில் இவ்வளவு மழை பெய்கிறதே என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன். தினமும் மூன்று மணிக்கு மழை, நாலு மணிக்கு வெயில். யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

இரண்டாம் நாள் ரயிலில் ஒரு சங்கடம். தூண்கள்மேல் ஓடுகிற ரயில். மேடையில் கூட்டம். எங்கள் ஊரில் பேருந்து வந்து நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது, அதில் தகராறு வராது. கதவு திறந்ததும் நான் முதலில் பாய்ந்து உள்ளே போய், மூன்று இருக்கைக்கும் சேர்த்துத் துண்டை விரித்துத் திரும்பிப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது. வசந்தாவும் செல்வியும் கண்ணாடிக்கு வெளியே.

ரயில் கிளம்பிவிட்டது. ஒரு சீன அம்மாள் என் துண்டை எடுத்து, அழகாக நாலாய் மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நின்றேன். பின்னால் வந்த ரயிலில் செல்வியும் வசந்தாவும் வந்தார்கள்.

"அப்பா, இங்கயெல்லாம் எடம் போட வேணாம்ப்பா. நின்னுக்கிட்டே போலாம்."

"ஒங்கம்மாவுக்குக் கால் வலிக்குமேன்னு..."

"என் காலு நல்லாத்தான் இருக்கு" என்றாள் வசந்தா. "நீங்க போன வேகத்தப் பாத்துதான் படபடன்னு வந்துச்சு."

மூன்றாம் நாள் பொழுதுபோக்குப் பூங்கா. பள்ளி விடுமுறை. திருவாரூர்த் தேருக்கு வருகிற கூட்டம் இருக்கும். ஆனால் தேரில் கூட்டம் ஒரு திசையில் போகும். இங்கே எட்டுத் திசையிலும் போயிற்று. வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருவர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் அந்த ரோமத்துக்குள் மயக்கம் போட்டு விழுந்தால் வெளியே தெரியுமா என்று நினைத்துக்கொண்டே நானும் கை கொடுத்தேன்.

தலைகீழாகச் சுற்றுகிற ஒரு ரயில் எங்கள் தலைக்குமேல் போயிற்று. அதிலிருந்தவர்கள் போட்ட கூச்சல் கீழே வந்து சேர்வதற்குள் ரயில் மறுபக்கம் போய்விட்டது.

"பயப்படுறதுக்குன்னே இவ்வளவு தூரம் வர்றாங்களா?" என்றாள் வசந்தா.

"ஆமாம்மா. திரில்லு."

"ஒங்கப்பாவுக்கு அதெல்லாம் தேவையில்ல. வீட்ல ஈஸிசேர்ல உக்காந்தே பயப்பட்டுடுவாரு."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

செல்வியும் அவரும் அந்த ரயிலுக்குப் போனார்கள். எங்களைப் படகு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பாறை இடுக்கில் வட்டமான படகு ஆடி ஆடிப் போகும், எல்லோரும் தொப்பலாக நனைவார்கள் என்று போகும்போது செல்வி சொல்லிவிட்டுப் போனாள். கரையில் பை வைக்க அடுக்கு இருக்கிறதாம்.

நனையும் என்றதும் எனக்குத் தாள் நினைவு வந்தது. ஒரு மரத்துக்குப் பின்னால் போய்த் தையலைப் பிரித்து, தாளை எடுத்து இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாங்கள் கொண்டுவந்திருந்த மஞ்சள் துணிப்பையின் அடியில் வைத்தேன். அதன்மேல் மாத்திரைப் பொட்டலம், புளிசாத டப்பா. பை என் கையில்தான் இருந்தது. இரண்டு சுற்றுப் பிடியைச் சுருட்டிப் பிடித்திருந்தேன்.

வரிசை, கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. பலகையில் எழுபத்தைந்து நிமிடம் என்று போட்டிருந்தது. முக்கால்வாசி நின்றிருப்போம். வசந்தா என் தோளைப் பிடித்தாள்.

"என்னங்க, கண்ணு இருட்டுது."

அவளுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்த்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பயம்தான் என்னால் பட முடியும். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கை என்ன செய்ததென்றால், முப்பது வருடப் பழக்கத்தில் பையை நாங்கள் நின்ற இடத்தில் வைத்து, அதன்மேல் துண்டையும் போட்டது.

இதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்கிறோம். வரிசையில் ஆளா நிற்கிறது? மூட்டைதான் நிற்கும். ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார், ஒரு சாவுக்குப் போய்விட்டுக்கூட வருவார். மூட்டையை யாரும் நகர்த்த மாட்டார்கள். பின்னால் இருப்பவரிடம் "பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த வார்த்தையையும் சொன்னேன். பின்னால் நின்ற இளைஞர் சீனரோ மலாய்க்காரரோ தெரியவில்லை; பையைக் காட்டி, என்னைக் காட்டி, கையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டினார்.

வசந்தாவை ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்து, ரோஜா நிறத்தில் ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்ததும் முகம் தெளிந்தது. கால்மணி நேரம் உட்கார்ந்திருப்போம். எழுந்து திரும்பி வந்தபோது வரிசை அங்கே இல்லை.

ஆட்களைப் பின்னுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டியிருந்தது. படகுகள் கரையில் கட்டாமலே நின்றன. நீலச்சட்டைக்காரர்கள் கையிலிருந்த கருவிகளில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்க் குடும்பம் எங்களைத் தாண்டிப் போயிற்று. "யாரோ பேக்க போட்டுட்டு ஓடிட்டானாம் லா. கூட்டத்துல கொண்டாந்து வச்சிருக்கான் பாரு" என்று அந்த வீட்டு ஆண் சொல்லிக்கொண்டு போனார்.

"எவன் பாத்த வேலையோ" என்றேன் நான்.

"நாசமாப் போறவன். பொம்பளப் புள்ளைங்கள்லாம் நிக்கிற எடம்" என்றாள் வசந்தா.

அப்போது கயிற்றுக்கு அந்தப்பக்கம், காலியான தரையின் நடுவில், மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மேலே என் துண்டு.

ஓடினேன். கயிற்றைத் தூக்கியதுதான் தெரியும், இரண்டு பேர் மரியாதையாக ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மை பேக், மை பேக்" என்றேன். அவர்கள் விடவில்லை. கையுறை போட்ட ஒருவர் என் துண்டைக் குச்சியால் விலக்கி, பைக்குள் விளக்கடித்துப் பார்த்து, டப்பாவை எடுத்துத் திறந்தார். புளிசாத வாசனை எனக்கே வந்தது. அவர் மூடி வைத்துவிட்டு ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே எங்களையும்.

அது குளிர்ந்த சின்ன அறை. சுவரில் அதே கரடி, குடையோடு. மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் அதிகாரி. பக்கத்தில் நீலச்சட்டையில் ஒரு தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும், சட்டையில் பத்மா என்று எழுதியிருப்பதாக அவரே சொன்னார்.

"பயப்படாதீங்க ஐயா. இங்க பேக்க தனியா விட்டா ரூல்ஸ் படி பாக்கணும். ஏன் விட்டீங்க?"

"வரிசைக்குங்க."

"வரிசைக்கா?"

"எடத்துக்கு வெச்சங்க. ஊர்ல அப்படித்தான் வெப்போம்."

அவர் அதை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். டப்பா, மாத்திரை, துண்டு மூன்றையும் என் பக்கம் தள்ளினார்கள். தாளைத் தள்ளவில்லை. அதிகாரி பேசப் பேசப் பத்மா சொன்னார்.

"இதுல கவர்மெண்ட் சாப், அதான் முத்திரை, இருக்கு. பேரு ஒங்க பேரு இல்ல. பேரு வேற இருந்தா போலீஸ்ல குடுக்கணும், அவங்க விசாரிச்சுத்தான் குடுப்பாங்க. ஒரு வாரம், பத்து நாளு ஆகும்."

"அது எங்கப்பா பேருங்க. அவரு எறந்துட்டாரு."

"புரியுது ஐயா. பாஸ்போர்ட்ல அப்பா பேரு இருக்கு, ஆனா அதே பேருல எத்தனையோ பேரு இருப்பாங்க இல்ல?"

எங்களுக்கு நாளை மறுநாள் விமானம். அதற்கு மூன்றாம் நாள் விசாரணை. வசந்தா மேசையில் கையூன்றி எழுந்தாள். சற்றுமுன் கண் இருட்டியவள் என்று யாரும் சொல்ல முடியாது.

"அம்மா, இந்தத் தாளு போனா எங்க வயலு போச்சு. இந்த மனுசன் இதுக்காகப் படிப்ப விட்டவரு. சட்டைக்குள்ள வெச்சுத் தைச்சுக்கிட்டு வந்தாரு. நான்தான் மயக்கம் போட்டுக் கெடுத்தேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு வேணா கேளுங்க, அவரு பாக்காம சொல்லுவாரு."

பத்மா அதிகாரியிடம் கொஞ்ச நேரம் பேசினார். அவர் தோளைக் குலுக்கினார். பத்மா உறையைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்தார்.

"தமிழ்ஸ்கூல் ஆறு வருஷம் படிச்சேன். மெதுவாத்தான் வரும். இங்க கீழ 'சக்குபந்தி'ன்னு போட்டிருக்கே, என்னா அது?"

"நாலு எல்லைங்க."

"சொல்லுங்க."

அப்பா எனக்குக் கணக்கு வாய்பாட்டுக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தது அது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாசன வாய்க்காலுக்கு மேற்கு. சுடுகாட்டுப் பாதைக்கு வடக்கு. கோவிந்தன் பங்குக்குக் கிழக்கு. வடிகாலுக்குத் தெற்கு. இதற்குள்பட்ட நன்செய் ஏக்கர் ஒன்று. வரப்பின்மேல் உள்ள தென்னை இரண்டும் சேர்ந்தது."

கண்ணைத் திறந்தபோது அவர் விரல் கடைசி வரியில் நின்றது.

"தென்னமரம் வரைக்கும் சரியாச் சொல்லிட்டாரு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு மலாயில் சொன்னார். அதிகாரி சிரித்தார். அவருடைய அப்பா தன் நிலத்துக்கு டுரியான் மரங்களை எல்லை சொல்வாராம், மூன்றாவது மரம் யாருடையது என்று பக்கத்து வீட்டாரோடு சாகும்வரை சண்டையாம். ஒரு படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பத்மா ஒரு சீட்டை எடுத்து, தேதியும் எண்ணும் எழுதி, தன் பெயரையும் தமிழில் எழுதி, உறையின்மேல் ஒட்டி, முத்திரை குத்தினார். சீட்டில் குடையோடு அந்தக் கரடி.

வெளியே அழைத்து வந்தபோது அவராகவே பேசினார்.

"நான் பொறந்த தோட்டம் இங்கதான் ஐயா. ரப்பர்த் தோட்டம். நாங்க இருந்த வரிசை வீடு, லயம்னு சொல்வோம், அதுக்கும் நாலு எல்லை சொல்லவா? கெழக்க காளியம்மன் கோயிலு. மேக்க ஸ்டோரு. வடக்க ரப்பர்ப் பால் நிறுக்கிற கொட்டாய். தெக்க தமிழ்ஸ்கூலு."

"இப்ப?"

"நீங்க ஏறப் போனீங்களே படகு, அதான் நடுவுல."

"தாளு ஒண்ணும் குடுக்கலைங்களா?"

"தாத்தா பாலுக்கு மரம் வெட்டுனாரு, அப்பா வெட்டுனாரு, நானும் கொஞ்ச நாளு வெட்டுனேன். யாரு பேப்பர் குடுத்தா? போகச் சொன்னாங்க, போயிட்டோம். அப்புறம் இங்க வேலைக்கு ஆளு கேட்டாங்க, வந்துட்டேன்." கையிலிருந்த கருவி கூப்பிட்டது. "பேக்க கீழ வைக்காதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் எதிர்பார்த்தபடி கத்தினாள்.

"அசலையா எடுத்துக்கிட்டு வந்தீங்க? ஒரு ஜெராக்ஸ் எடுக்கக் கூடாதாப்பா?"

"ஜெராக்ஸ பீரோவுல வெச்சிருக்கேன்ம்மா."

மாப்பிள்ளை குனிந்து செருப்பை ரொம்ப நேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.

எங்களால் நின்றுபோன படகு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பலகை இப்போது தொண்ணூறு நிமிடம் காட்டிற்று. வசந்தா ஏறாமல் வரமாட்டேன் என்றாள். வரிசையின் கடைசியில் போய் நின்றோம், இந்த முறை சொந்தக் காலிலேயே. இடையில் புளிசாதத்தை நின்றபடி நாலு பேரும் சாப்பிட்டோம்.

அவர்கள் மூவரும் படகில் போனார்கள். நான் கரையில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு இறங்கி, ஒரு குட்டைக்குப் போய், அங்கிருந்து பம்பில் மறுபடி மேலே ஏறியது. நல்ல வேகம். நாற்று நட ஒரு வயலுக்குக்கூடப் பாயாமல் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. இதில் காளியம்மன் கோயில் எந்தப் பக்கமாக இருந்திருக்கும் என்று பார்த்தேன். வெயில் இருந்த பக்கம் மேற்கென்று வைத்துக்கொண்டால், ஐஸ்கிரீம் கடையாக இருக்கலாம். வசந்தா முழுக்க நனைந்து, முடி முகத்தில் ஒட்ட, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

மிச்சமிருந்த நாளில் நான் எங்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து சட்டைப்பையை மறுபடி தைத்தேன்.

தாலுக்கா ஆபீசில் எங்கள் பெயரைக் கூப்பிட மதியமாகிவிட்டது. வராந்தாவில் இடத்துக்கு வைத்த பைகள் ஏழெட்டு வரிசையாக இருந்தன. நான் என் பையைக் கீழே வைக்கவில்லை. மிராசு வீட்டுப் பேரன் வரவில்லை, அவனுடைய வக்கீல்தான் வந்திருந்தார். இப்படியொரு அசல் இருப்பதாகவே தங்களுக்குத் தெரியாது, இருந்தால் காட்டட்டும் என்றார்.

கொடுத்தேன். அதிகாரி உறையைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கரடி?"

"மலேசியாவுல ஒட்டுனதுங்க."

"அங்க எதுக்குப் போச்சு இது?"

வசந்தா பின்னாலிருந்து, "சுத்திப் பாக்கத்தாங்க" என்றாள். ஆபீசே சிரித்தது, வக்கீலும்.

அதிகாரி தாளை வெளியே எடுத்து முத்திரையையும் கைரேகையையும் வெளிச்சத்தில் பார்த்தார். எல்லையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். 'அசல் பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதற்கு ஒரு நகலும் கொடுத்தார். வக்கீல் அவகாசம் கேட்டார். இன்னொரு தேதி போட்டார்கள்.

பேருந்தில் வசந்தா அந்தக் கரடிச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். "பாக்கச் சகிக்கல, பிச்சுடுங்க."

வேண்டாம் என்றேன். ஆட்சேபணை சொல்கிறவர்கள் நாளைக்கு வேறு எதையாவது கேட்பார்கள். எங்கள் தாளை எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவர் ஒருவர் வாங்கி, படித்துப் பார்த்து, இது இவருடையதுதான் என்று தன் பெயரெழுதி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது இதுவரை ஒரே ஒரு முறைதான். அதற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும்.